கொஞ்சம் காது மந்தம்

மயிலாப்பூர்
10 ஜூன் 2024

சிரஞ்சீவி ஹம்சாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை குருபிரசாத்தும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. ஏன் எடுக்கவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் கடிதம். மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கா என்று தபாலாபீஸில் இருக்கும் பெண் முகவரியைப் பார்த்துச் சிரிக்கப் போகிறாள். சிரிக்கட்டும்.

ஒரு உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நம் தெருமுனையில் பூ விற்கும் செண்பகத்தை உனக்குத் தெரியும். போன மாதம் ஒரு நாள் காலை அவளுடைய கூடைக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டி, அதற்குள் ஒரு நாய்க்குட்டி. வெள்ளை நிறம் என்று சொல்லலாம், ஆனால் பாதி உடம்பில் முடியே இல்லை. சொறி பிடித்துத் தோல் சிவந்து கிடந்தது. வயிறு மட்டும் உப்பியிருந்தது. "இன்னா சாமி பாக்குற? மூணு நாளா இங்கதான் கீது. கூட இருந்த ரெண்டும் செத்துப் பூட்ச்சி" என்றாள்.

எனக்கு நாய் பிடிக்காது. நீ ஏழாவது படிக்கும்போது ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாய். எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வா என்று அனுப்பினேன். நீ மறந்திருக்க மாட்டாய். அன்றும் நான் பாலை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டத்தான் பார்த்தேன். அப்போது தண்ணீர் லாரி ஒன்று பின்பக்கமாக வந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். தெருவில் படுத்திருந்த நாய்கள் எல்லாம் எழுந்து ஓடின. பெட்டிக்குள் இருந்தது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. சக்கரம் ஒரு முழ தூரத்தில் இருக்கும்போது நான் பெட்டியை இழுத்துவிட்டேன். பால் பாக்கெட் கீழே விழுந்து உடைந்தது. பெட்டியை இழுத்த பிறகு அதை அங்கேயே வைத்துவிட்டு வர முடியவில்லை.

ராயப்பேட்டையில் ஃபராஸ் என்று ஒரு கால்நடை டாக்டர் இருக்கிறார். சின்ன வயசு, பொறுமைசாலி. பூச்சிக்கு மருந்து, சொறிக்கு மருந்து, இரண்டு நாள் டிரிப்ஸ். காது கேட்கிறதா என்று கேட்டேன். "சந்தேகமாத்தான் இருக்கு சார். வெள்ளைக் குட்டிங்கள்ல சிலதுக்கு அப்படி இருக்கும். முதல்ல உயிர் பிழைக்கட்டும், காதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

பிழைத்துவிட்டது. டாக்டர் முட்டை கொடுக்கச் சொல்கிறார். நம் அடுப்பில் முட்டை வேகக் கூடாதே என்று செண்பகம் தன் வீட்டிலிருந்து வேகவைத்து, தாமரை இலையில் பூக்கட்டுவது போலச் சுற்றிக் கொண்டு வந்து தருகிறாள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு உரித்துப் போடுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தெரு நாய்களைத் தத்துக் கொடுக்கும் ஒரு குழு இருக்கிறது. அதில் அனுப்ரியா என்று ஒரு பெண். மருந்துச் செலவு முழுக்க அவர்களுடையது. இந்தக் குட்டியை நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவள் என் வயதைக் கேட்டாள். எழுபத்திரண்டு. எழுபது தாண்டியவர்களுக்குக் கொடுப்பதானால் படிவத்தில் இன்னொருவர் பெயரும் கையெழுத்தும் வேண்டுமாம். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாயைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொள்ள ஒரு ஆள். எனக்கு உன்னைத் தவிர யார்?

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். யோசித்துச் செய்.

அப்பா


அடையாறு
17 ஜூன் 2024

அப்பாவுக்கு நமஸ்காரம்.

கடிதம் வந்தது. குருதான் பிரித்தார். அவர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

குட்டி பிழைத்ததில் சந்தோஷம். டாக்டர் சொல்கிற மருந்தை நடுவில் நிறுத்தாதீர்கள். சொறி போன மாதிரி இருந்து திரும்ப வரும் என்று ஆபீஸில் நாய் வைத்திருப்பவர்கள் சொன்னார்கள்.

கையெழுத்து போட என்னால் முடியாது. படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நாயைப் பார்த்துக்கொள்ள முடியாது என்பது காரணம் இல்லை. காது கேட்காத ஒரு ஜீவன் உங்களோடு இருக்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். அந்தப் பெண்ணிடம் சொல்லிப் பொறுமையான வீடாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்கு மேல் எழுதினால் கடுமையாகிவிடும்.

பிரஷர் மாத்திரை தீருவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹம்சா


மயிலாப்பூர்
8 ஜூலை 2024

சிரஞ்சீவி ஹம்சாவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். பெற்ற பெண் இப்படி எழுதலாமா என்று மனசுக்குள்ளேயே உன்னோடு சண்டை போட்டேன். பிறகு ஒரு காரியம் நடந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கையெழுத்துக்காக இல்லை.

ஃபராஸ் டாக்டர் மறுபடி சோதித்தார். குட்டியின் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டார். வெளியே கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த பூனை துள்ளிக் குதித்தது. இது என் செருப்பு வாரை மென்றுகொண்டிருந்தது. விசில் ஊதினார், கை தட்டினார். "இனிமே சந்தேகம் இல்ல சார். ரெண்டு காதும் கேக்கல" என்றார்.

அதற்கு மறுநாள் காலை, நான் பேப்பரை ஊஞ்சலில் வைத்துவிட்டுக் காபி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் பேப்பர் கீழே கிடக்கிறது, அதன்மேல் ஈரம். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கத்தினேன். நாற்பது வருஷம் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்த தொண்டை. "அறிவு இருக்கா உனக்கு, எத்தனை தடவை சொல்றது, காது என்ன அவிஞ்சா போச்சு" என்று கத்தினேன். வீட்டில் நானும் அதுவும் மட்டும்தான். அது என் முகத்தையே பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. வாய் இவ்வளவு பெரிதாகத் திறப்பதைப் பார்த்து நான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். கத்தக் கத்த இன்னும் வேகமாக ஆட்டியது.

அந்த வாக்கியத்தை நான் நாயிடம் புதிதாகச் சொல்லவில்லை, ஹம்சா. அதே கூடத்தில், அதே ஊஞ்சலிலிருந்து, அதே வார்த்தைகளை அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அம்மாவும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் காபியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அன்று குளிக்கப் போகவே மத்தியானம் ஆகிவிட்டது.

பிறகு அனுப்ரியாவைக் கூப்பிட்டு, காது கேட்காத நாயிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டேன். அவள் வந்து சொல்லிக்கொடுத்தாள். உள்ளங்கையை நம் பக்கம் மடக்கினால் வா. முஷ்டியை மார்புக்கு நேராகக் காட்டினால் உட்கார். கட்டை விரலை உயர்த்தினால் சமர்த்து. பின்னாலிருந்து தொடக் கூடாது. தூங்கும்போது எழுப்ப வேண்டுமானால் பக்கத்தில் தரையைக் காலால் தட்ட வேண்டும், அதிர்வு தெரியும். பத்து நாளில் எல்லாம் பிடித்துக்கொண்டது. எனக்குத்தான் முதலில் கை வரவில்லை. முடியும் முளைக்க ஆரம்பித்திருக்கிறது, பூனை மயிர் மாதிரி மெலிதாக.

பெயர் வைக்கவில்லை. கூப்பிட்டால் கேட்காத ஒன்றுக்குப் பெயர் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

நீ சொன்னபடியே நல்ல வீடாகப் பார்த்துவிட்டேன். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மாணிக்கவாசகம் என்பவர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். செண்பகத்தின் தங்கை அவர் கடையில் வேலை பார்க்கிறாள், அவள் மூலமாக வந்தார்கள். வீட்டில் ஐந்து வயசுப் பேத்தி இருக்கிறாள், மொட்டை மாடி இருக்கிறது, நிறைய மனுஷர்கள். நேற்று வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஆட்டோவில் அந்தக் குழந்தையின் மடியில் உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் கையைக் காட்டவில்லை. காட்டினால் குதித்து வந்துவிடும்.

ஆகவே உன்னிடம் கேட்ட உதவி இனித் தேவையில்லை.

அப்பா


அடையாறு
14 ஜூலை 2024

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன்.

பத்து நாளில் கற்றுக்கொண்டீர்கள். கையை மடக்கினால் வா, விரலை உயர்த்தினால் சமர்த்து. பின்னாலிருந்து தொடக் கூடாது என்பதுகூட உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெருவில் கிடந்த ஒரு நாய்க்காக.

அம்மாவுக்குக் காது போக ஆரம்பித்ததிலிருந்து அவள் போகிற வரைக்கும் ஒன்பது வருஷம், அப்பா. அந்த ஒன்பது வருஷத்தில் நீங்கள் அவள் எதிரில் வந்து நின்று பேசி நான் பார்த்ததில்லை. ஊஞ்சலில் இருந்தபடியே பேசுவீர்கள், அவள் சமையலறையில் குக்கருக்குப் பக்கத்தில் நிற்பாள். பதில் வராவிட்டால் கத்துவீர்கள். அவள் ஓடி வந்து "என்னைக் கூப்பிட்டேளா" என்று கேட்டால், "ஒண்ணுமில்லை போ" என்பீர்கள். அந்த ஒண்ணுமில்லையை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவள் இருக்கும்போதே, "அவ கிட்ட சொல்லிப் பிரயோஜனமில்லை, எங்கிட்ட சொல்லுங்கோ" என்பீர்கள். எல்லோரும் சிரிக்கும்போது அம்மாவும் சிரிப்பாள். எதற்கென்று தெரியாமல் சிரிக்கிறாள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நான் அழைத்துக்கொண்டு போய்க் காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன். முதல் நாள் அவள் காகம் கத்துகிறதைக் கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்தாள். ஒரு வாரம்தான். அது கீச்சென்று சத்தம் போடுகிறது, பேப்பர் படிக்க முடியவில்லை, கழற்றி வை என்று சொல்லிவிட்டீர்கள். கழற்றி வைத்துவிட்டாள்.

கூப்பிட்டால் கேட்காததற்குப் பெயர் எதற்கு என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி நாலைந்து வருஷம் நீங்கள் அம்மாவை வேம்பு என்று கூப்பிட்டதே இல்லை. தெரியுமா?

ஆஸ்பத்திரியில் நடந்ததை நான் எழுதப் போவதில்லை. டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்ல உங்களுக்கு மனசு வரவில்லை. தான் போகப் போகிறோம் என்றே தெரியாமல் அம்மா போனாள். அதற்காகத்தான் நான் உங்களோடு பேசுவதில்லை. இதுவரை நான் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தத் தி.நகர்க்காரர்களிடம் நாய்க்குச் சுத்தமாகக் காது கேட்காது என்று தெளிவாகச் சொன்னீர்களா? வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சொன்னேன் என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

ஹம்சா


மயிலாப்பூர்
2 ஆகஸ்ட் 2024

ஹம்சாவுக்கு,

சொல்லவில்லை.

உன் கடிதம் கைக்கு வந்தபோதே அங்கே காரியம் நடந்துவிட்டிருந்தது. அதனால்தான் பதில் எழுத இவ்வளவு நாள்.

மாணிக்கவாசகத்துக்கு முன் இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். காது கேட்காது என்றதும் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொருவர் யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். மாணிக்கவாசகம் வந்தபோது அந்தக் குழந்தை குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டுவிட்டது. "சார், சீக்கு ஏதும் உண்டா?" என்று அவர் கேட்டார். "சொறி சரியாயிண்டிருக்கு, கொஞ்சம் காது மந்தம், வளர வளர சரியாயிடும்" என்றேன். அனுப்ரியாவிடம், அவர்களுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன் என்றேன். யோசிக்காமல் வந்த பொய், இரண்டுமே. நல்ல வீடு கைநழுவிப் போய்விடக் கூடாது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

எட்டாம் நாள் மத்தியானம் குட்டி மாடிப்படிக்குக் கீழே தூங்கியிருக்கிறது. குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, செல்லமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போய்ப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் அணைத்திருக்கிறாள். அவர்கள் ராசா என்று பெயர் வைத்திருந்தார்கள். அது திடுக்கிட்டு எழுந்து முன்கையில் கடித்துவிட்டது. இரண்டு பல் பதிந்து ரத்தம். குழந்தைக்கு ஊசி. ஒன்று அல்ல, வரிசையாக.

மறுநாள் மாணிக்கவாசகமே குட்டியை ஒரு கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். அனுப்ரியாவும் அப்போது இங்கே இருந்தாள். அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவும் இல்லை.

"சார், கடிச்சதுக்காக நான் வரல. வாயில்லா ஜீவன், பயந்து போய்க் கடிச்சிருக்கு. பிள்ளைக்கும் ஆறிப்போயிரும். நான் அந்த ராயப்பேட்டை டாக்டர்ட்ட காட்டினேன், இதுக்குப் பிறவியிலயே காது கேக்காதுன்னு சொல்லுதாரு. ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே?"

தெரியும் என்றேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க பாத்து நடந்திருப்போம்லா சார். பிள்ளைட்ட சொல்லி வச்சிருப்போம். வேண்டாம்னும் சொல்லியிருக்க மாட்டோம். கூப்பிட்டா வர மாட்டேங்குதேன்னு நாங்க எட்டு நாளா அதைத் திட்டிட்டு இருந்தோம். தெரிஞ்சவங்க சொல்லலேன்னா தெரியாதவங்க என்ன செய்ய முடியும்?"

அவர் போன பிறகு அனுப்ரியா, "சொல்லிட்டேன்னு எங்கிட்ட சொன்னீங்களே அங்கிள்" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

குழந்தைக்கு அடுத்த ஊசி போடும் நாளில் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு பொம்மை வாங்கிக்கொண்டு போனேன். அவள் தாத்தாவின் வேட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பொம்மையை வாங்கவில்லை. நானும் நீட்டிக்கொண்டே இருக்கவில்லை, பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் பஸ்ஸில் உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அதில் நீ எழுதாமல் விட்டதை நான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாம் நாள், வியாழக்கிழமை. டாக்டர் நம் இரண்டு பேரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது, இன்னும் சில நாள்தான் என்று சொன்னார். நீ குருவுக்குப் போன் செய்யக் கீழே போனாய். நான் உள்ளே போனேன். அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்னா, டாக்டர் என்ன சொன்னார்?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், "உரக்கச் சொல்ல வேண்டாம், வார்டுல எல்லாரும் பார்ப்பா. உங்களுக்கும் சிரமம். இதுல எழுதிடுங்கோ" என்று தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எடுத்து நீட்டினாள். கடையில் வாங்கிய புது நோட்டு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே எடுத்து வைத்திருக்கிறாள். ஒன்பது வருஷத்தில் என்னிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான், தன் எதிரில் உட்கார்ந்து எழுதச் சொன்னது.

நான் எழுதினேன்: ஒன்றுமில்லை. வாயு. திங்கட்கிழமை வீட்டுக்கு.

அவள் படித்துவிட்டு நோட்டை மூடினாள். "அப்ப அந்தப் பச்சைப் புடவையை எடுத்துண்டு வரச் சொல்லணும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் போய்விட்டாள்.

அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் அப்படி எழுதினேன் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. எழுதினால் அவள் அடுத்த கேள்வி கேட்பாள், அதற்கும் எழுத வேண்டும், அவள் அழுவாள், பக்கத்தில் உட்கார வேண்டும். எனக்கு அதெல்லாம் பழக்கமில்லை. சுலபமானதை எழுதிவிட்டு எழுந்துவிட்டேன். அவளுக்கு யாரிடமாவது பேச வேண்டியிருந்திருக்கும். உன்னிடம் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். நான் அந்த மூன்று நாளையும் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

மாணிக்கவாசகம் நாயைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு வேம்பு சொல்வது போல இருந்தது.

குட்டி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு நாள் ஒன்றும் சாப்பிடவில்லை, பிறகு சாப்பிட்டது. இது திரும்பி வந்தபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. ஒரு குழந்தை கையில் கட்டோடு இருக்கும்போது எனக்குச் சந்தோஷம். அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதக் கடைசிக்குள் முடிவு தெரிய வேண்டும் என்கிறாள் அனுப்ரியா. இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே நாற்பது நாய்கள் இருக்கும் காப்பகத்துக்கு அனுப்புவார்களாம். கடித்த நாயை வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். கடித்ததற்குக் காரணம் நான். உன்னிடம் கையெழுத்து கேட்கவில்லை. கேட்கும் யோக்யதை எனக்கு இல்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினேன்.

ராமானுஜம்


அடையாறு
18 ஆகஸ்ட் 2024

அப்பா,

கடிதத்தின் கீழே அப்பா என்று போடாமல் பெயரை எழுதியிருந்தீர்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பயமாக இருந்தது. உடனே எதிர்வீட்டுக் கபாலிக்குப் போன் செய்து, நீங்கள் காலையில் பால் வாங்க வந்தீர்களா என்று கேட்டேன். வந்தார் என்றான். அப்புறம்தான் மூச்சு வந்தது. நான் கேட்டதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றேன்.

பதினைந்து நாளாக இதை எழுதிக் கிழிக்கிறேன். குரு, "நேரா போய்ப் பேசிடேன்" என்கிறார். நேரில் என்னால் இதைச் சொல்ல முடியாது.

அந்த வியாழக்கிழமை நான் கீழே போய்ப் போன் செய்துவிட்டு மேலே வந்தேன். நீங்கள் காபி குடிக்கக் கேண்டீனுக்குப் போயிருந்தீர்கள். அம்மா என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னாள். நோட்டைத் திறந்து நீங்கள் எழுதியதைக் காட்டினாள். "அப்பா இதை எழுதறச்சே கை நடுங்கித்து. நீ சொல்லு, இது நிஜமாடீ?" என்று கேட்டாள்.

பேனா நோட்டுக்குள்ளேயே இருந்தது, அப்பா. நான் எடுத்திருக்கலாம். அம்மாவோடு பேச எனக்கு எழுதக்கூட வேண்டாம், மெதுவாக உதட்டை அசைத்தால் போதும், அவளுக்கு என் வாய் புரியும். எங்கள் இரண்டு பேருக்கும் அது பழக்கம்.

நான் தலையாட்டினேன். நிஜம்தான் என்று தலையாட்டினேன். சிரித்துக்கொண்டே போர்வையை இழுத்துவிட்டேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப சரி" என்றாள். பச்சைப் புடவையைக் கொண்டு வரச் சொன்னாள். நான் வீட்டுக்குப் போய் அதை எடுத்து இஸ்திரி போட்டுக் கொண்டு வந்தேன். அவள் அதைக் கட்டிக்கொள்ளப் போவதில்லை என்று தெரிந்தே இஸ்திரி போட்டேன்.

நீங்கள் எழுதியதை அம்மா நம்பவில்லை. நான் தலையாட்டியதைத்தான் நம்பினாள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, குருவிடம்கூட. பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து வாசலில் செருப்பு போட்டுக்கொள்ளும்போது, இனிமேல் உங்களோடு பேசக் கூடாது என்று தீர்மானித்தேன். உங்கள் மேல் கோபப்பட்டுக்கொண்டே இருந்தால் அந்தத் தலையாட்டல் எனக்கு ஞாபகம் வராது. இரண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். ஈக்காட்டுத்தாங்கல் சிக்னலில் ஆபீஸ் பஸ் நிற்கும்போதெல்லாம் உங்களுக்கு எதிராக ஒரு கேஸ் நடத்துவேன். சாட்சி, வக்கீல், நீதிபதி எல்லாம் நானே. என் கேஸ் கட்டை மட்டும் பிரித்துப் பார்த்ததில்லை.

ஒன்பது வருஷத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதில் நான் எழுதிய எதையும் திரும்பப் பெறவில்லை. காது மெஷினை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஆனால் கடைசி மூன்று நாளை நீங்கள் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. நானும் சேர்ந்துதான் எடுத்துக்கொண்டேன். அதை உங்கள் ஒருவர் தலையிலேயே வைத்திருந்ததற்கு மன்னியுங்கள்.

படிவத்தில் கையெழுத்து போடுகிறேன். அனுப்பாதீர்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நானே வருகிறேன். நாயின் உடல்நிலை என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். சொறி, காது, குழந்தையைக் கடித்தது, ஏன் கடித்தது, எல்லாம்.

மாணிக்கவாசகம் வீட்டுக்கு என்னையும் ஒரு நாள் அழைத்துக்கொண்டு போங்கள். அந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டும்.

ஹம்சா


மயிலாப்பூர்
21 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஹம்சா,

உன் கடிதம் இன்று பதினொரு மணிக்கு வந்தது. இது ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு என் கை நடுங்கியது தெரிந்திருக்கிறது. எனக்கே தெரியாது.

நீ தலையாட்டியதற்குப் பரவாயில்லை என்று எழுத முடியாது. அதைச் சொல்ல வேண்டியவள் அம்மா. அந்தத் தாளை நான் அப்படி எழுதியிருக்காவிட்டால் அந்தக் கேள்வியே உன்னிடம் வந்திருக்காது. அதை மட்டும் நினைத்துக்கொள். உன்னை நான் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு வருஷம் அதை நீ தனியாக வைத்துக்கொண்டிருந்தாய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

படிவத்தை நிரப்பிவிட்டேன். உடல்நிலைக் கட்டத்தில் இடம் போதவில்லை, பின்பக்கமும் எழுதினேன். அதை அனுப்ரியாவிடம் படித்துக் காட்டினேன். "இப்ப சரி அங்கிள்" என்றாள். மாணிக்கவாசகத்துக்கும் போன் செய்தேன். குழந்தைக்கு ஊசி எல்லாம் முடிந்துவிட்டதாம். வருவதானால் வாங்க என்றார், நாயைக் கொண்டு வர வேண்டாம் என்றார். அது நியாயம்.

ராசா என்ற பெயர் அந்தக் குழந்தை வைத்தது. அதையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். பேத்தியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் பதில் வரவில்லை.

நீ வரும்போது சில விஷயங்கள் ஞாபகம் இருக்கட்டும். காலிங் பெல் அடித்தால் எனக்கு மட்டும்தான் கேட்கும். அது நடையில்தான் படுத்திருக்கும், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடாதே. வாசற்படியில் நின்று காலால் இரண்டு தடவை தட்டு. அது எழுந்து உன்னைப் பார்க்கும். ஓடி வந்தால் நகராமல் நில். குனிந்து கையைக் கீழே வை, தலைக்கு மேலே கொண்டு போகாதே. முதலில் உன் முகத்தைத்தான் பார்க்கும், ரொம்ப நேரம் பார்க்கும். பார்க்க விடு. அதற்கப்புறம் உள்ளே வா.

நான் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்க மாட்டேன். நீ வருகிற திசையைப் பார்த்து, உனக்கு எதிரிலேயே நிற்பேன்.

அப்பா